அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

ஹேலன் ஃபால்ஸ், விஸ்கான்சின்
அக்டோபர் 16

அன்புள்ள பிரிட்டா,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வருமா என்பது நிச்சயமில்லை, ஆனாலும் கேட்டுவைக்கிறேன். இரண்டு முறை போன் செய்தேன். ஊழியர் குடியிருப்பில் சிக்னல் கிடைப்பதில்லை என்று போன வருடம் சொல்லியிருந்தாய். அதையே காரணமாக வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறேன். தாள் எங்கள் ஆலையின் புது மாதிரி. மை ஊறிப் பரவினால் சொல், சோதனைக்கூடத்தில் குறித்துக்கொள்கிறேன்.

இது பாதி அலுவல் கடிதம். நம் பனிச்சறுக்குச் சங்கம் இந்த வருட மேற்குப் பயணத்துக்கு வாக்கெடுப்பு நடத்தியது. வழக்கம்போல வெள்ளிக்கிழமை மீன் வறுவல் முடிந்த கையோடு, மதுக்கடையின் பின்னறையில், எல்லோர் கையிலும் எண்ணெய் மினுமினுக்க. கொலராடோவில் ஒரு சாதுவான மலைக்கு எட்டு ஓட்டு. வயோமிங்கில் கிரே ஹாக்குக்குப் பதினாலு. ஆம், உன் மலைக்குத்தான். நான் போட்டது அந்த எட்டில் ஒன்று. நீ யாரிடமிருந்தாவது கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தலைவர் வெர்ன் கூபியாக் நாற்காலிமேல் ஏறாத குறையாகப் பேசினார். "எத்தனை வருஷம்ப்பா இந்தக் குப்பைமேட்டுலயே உருண்டுக்கிட்டுக் கெடக்கறது? அறுபத்தாறு வயசாச்சு. கண்ண மூடறதுக்குள்ள ஒரு நெசமான மலையில எறங்கிடணும்." அதற்கு டொலோரஸ் பைஃபர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "எறங்கறது பெரிய விஷயமில்ல வெர்ன். உன்ன யாரு எறக்குவாங்கங்கறதுதான் விஷயம்" என்றார். பின்னறை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அடிபட்டவர்களை அப்படி இறக்குபவர்களில் ஒருத்தி யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

வெர்ன் நம் குன்றைக் குப்பைமேடு என்றதில் தவறில்லை. முந்நூறு அடி உயரத்தில் பாதி, நகராட்சி கொட்டிய குப்பையை மண்போட்டு மூடியதுதான். ஆனால் நீ நாலு வயதில் அப்பாவின் முழங்கால்களுக்கு நடுவே நின்று சறுக்கக் கற்றது அங்கேதான். எனக்கு அந்த உயரம் போதுமானதாக இருந்தது.

பயணத் தலைவர் பொறுப்பு, சங்கத்தில் சேர்ந்த வரிசைப்படி வருவது உனக்குத் தெரியும். வெர்ன் பட்டியலை எடுத்துப் படித்தார்: "இந்த வருஷம்... டேல்." அப்பாவின் பெயர். அப்பா போய் ஆறு வருடமாகியும் பெயரை யாரும் அடிக்கவில்லை. டொலோரஸ் என்னைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். எதிர்த்து ஓட்டுப் போட்டவளே பயணத்தைத் திட்டமிட வேண்டியதாயிற்று. இருபத்திரண்டு பேர், மார்ச் முதல் வாரம், ஐந்து நாள்.

நீ படிப்பை விட்டுவிட்டுக் கிளம்பிய அன்று சமையலறையில் நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "குண்டு வீசிப் பனிய பயமுறுத்தறதுக்கா மூணு வருஷப் படிப்ப விடற?" என்று கேட்டேன். நீ சொன்னதும் நினைவிருக்கிறது. "சோதனைக்கூடத்துல வச்சுப் பாக்காத எதுவும் உனக்குக் கண்ணுல படாதும்மா." அந்தப் பேச்சை இங்கே திறக்க நான் எழுதவில்லை. ஒரு பயணத் தலைவி மலைக் காவல் படையில் இருக்கும் ஒருவரிடம் கேட்பதாக வைத்துக்கொள்: எங்களைப் போன்றவர்களுக்கு அந்த மலை பொருந்துமா?

குளிர் தொடங்கிவிட்டது. கையுறைக்குள் இன்னொரு மெல்லிய கையுறை போட்டுக்கொள்.

அம்மா

*

ஹேலன் ஃபால்ஸ்
டிசம்பர் 9

அன்புள்ள பிரிட்டா,

உன் அஞ்சலட்டை வந்தது. மலையின் படம் போட்ட அட்டை, பின்னால் ஒரே வரி: "கூட்டிட்டு வராதம்மா. நீயும் வராத. இது உங்க மலை இல்ல." நன்றி. மை ஊறவில்லை, ஆனால் அது எங்கள் தாள் இல்லை.

சங்கத்தில் அதை அப்படியே படிக்கவில்லை. "என் மகள் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறாள்" என்று மட்டும் சொன்னேன். டொலோரஸ் என்னைக் கார்வரை கொண்டுவந்து விட்டார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, "பசங்க வேல பாக்கற எடத்துக்கு நாம போனா அதுகளுக்குக் கூச்சமாத்தான் இருக்கும், கிரெட்சன். என் மவன் நடத்தற கடைக்கு நான் போனா, ஏதோ வாடிக்கையாளர்கிட்ட பேசற மாதிரி 'என்ன வேணும் மேடம்'பான்" என்றார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அட்டையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன், படம் வெளியே தெரியும்படி. எழுத்து உள்பக்கம் இருக்கிறது.

ஆனாலும் பயணம் நிற்கவில்லை. பதினாலு பேர் ஓட்டுப் போட்டதை ஒரு வரிக்காக மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் வேலையைச் செய்கிறேன்.

இந்த மாதம் படிவங்கள் வந்தன. வாடகை ஸ்கீப் பலகைகளுக்கு ஆளுக்கு ஒன்று. எடை, உயரம், வயது, பிறகு நீ எந்த வகை: ஒன்று என்றால் மெதுவாகப் போகிறவர், இரண்டு என்றால் நடுத்தரம், மூன்று என்றால் வேகமாகவும் செங்குத்தாகவும் இறங்குகிறவர். இதை வைத்துத்தான் காலணியைப் பலகையோடு பிடிக்கும் கொக்கியை எவ்வளவு இறுக்குவது என்று கடைக்காரர் முடிவு செய்வார் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எடையைக் குறைத்துச் சொன்னால் நடு ஓட்டத்தில் பலகை கழன்றுகொள்ளும். மூன்றாம் வகை என்று பீற்றிக்கொண்டால், விழும்போது கழலாது, முழங்கால்தான் திருகும்.

இருபத்திரண்டு படிவங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். பதினேழு பேர் மூன்றாம் வகை. பிரிட்டா, நம் குன்றில் மேலிருந்து கீழே வர நாற்பது விநாடி ஆகும். அதில் மூன்றாம் வகை ஆவதற்கு நேரமே கிடையாது. எடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சங்கமே இலையுதிர்காலத்தில் பட்டினி கிடந்ததுபோல் இருந்தது. வெர்ன் நூற்றெண்பது பவுண்டு என்று எழுதியிருந்தார். அவருடைய இடுப்புவாரின் நுனிப் பக்கம் புதிதாகக் குத்திய மூன்று ஓட்டைகள் வேறு கதை சொல்கின்றன.

போன் செய்து கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. "எடையக் கொறச்சுப் போட்டா கொக்கி லூசாகும். மூணுன்னு போட்டா டைட்டாகும். ரெண்டுக்கும் ரெண்டு சரியாப் போயிடுதில்ல? நீதானே கணக்குல புலி, நீயே சொல்லு" என்றார். கால் நூற்றாண்டாக ஆலையில் வேலை பார்க்கிறேன். இவ்வளவு தன்னம்பிக்கையோடு ஒரு பிழையை யாரும் என்னிடம் நியாயப்படுத்தியதில்லை.

நீ முதல் வருடம் விடுமுறைக்கு வந்தபோது சொன்னாய்: "படிவத்துல பொய் எழுதறது அவங்க. அடிபட்டா ஸ்லெட்ல படுக்கப்போட்டு, பனியில இழுத்து எறக்கறது நாங்க." அப்போது நான் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மடிப்பதை நிறுத்தவில்லை.

என் படிவத்தை மட்டும் இன்னும் முடிக்கவில்லை. கடைசிக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. மற்றபடி இங்கே எல்லாம் ஒழுங்காகப் போகிறது. கிறிஸ்துமஸுக்கு உனக்கு விடுப்பு இருக்காது என்று தெரியும். பார்சலில் கம்பளிக் காலுறைகளும், சீஸும், அப்பாவின் பழைய கழுத்துத் துணியும் அனுப்பியிருக்கிறேன். துணி சொரசொரப்பாக இருந்தால் போட வேண்டாம்.

அம்மா

*

ஹேலன் ஃபால்ஸ்
பிப்ரவரி 4

அன்புள்ள பிரிட்டா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன். ஜனவரியில் நான் அங்கே வந்திருந்தேன்.

பயணத் தலைவர் ஒருமுறை முன்னதாகப் போய் இடத்தைப் பார்த்துவர வேண்டும் என்பது சங்க விதி. அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தேன் என்று நீ நினைத்தால் மறுக்கமாட்டேன். பதினெட்டு, பத்தொன்பது, இரண்டு நாள். உன்னிடம் சொல்லவில்லை. வராதே என்று நீ எழுதியிருந்தாய்; வந்துவிட்டு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

முதல் நாள் முழுக்க மேகம். குழுக்களைக் கவனிக்கும் ஷெல்பி என்ற பெண் அறைகளையும் உணவகத்தையும் காட்டினாள். மலை எங்கே என்று கேட்டேன். "அங்கதான் இருக்கு" என்று சாம்பல் நிறமாக இருந்த ஏதோ ஒரு திசையில் கையைக் காட்டினாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. படத்தில் பெரிதுபடுத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியும் முன் ஒரு சத்தத்தில் விழித்தேன். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். பஸ் ஓட்டுநர் ஒருவர் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புதுசாம்மா நீங்க? பயப்படாதீங்க, மலைக் காவல் பேட்ரோல் பசங்கதான். ராத்திரி பதினாறு இஞ்ச் கொட்டியிருக்கு, அது ஜனங்க மேல சரியறதுக்கு முன்ன குண்டு போட்டு உருட்டித் தள்றாங்க. சத்தம் கேட்டா நிம்மதியாக் காபி குடிங்க. கேக்காம இருந்தாத்தான் யோசிக்கணும்" என்றார். பிறகு இரண்டாவது சத்தம். அவர் நிமிராமல், "கேட்டீங்களா?" என்றார்.

அதற்குள் வானம் வெளுத்தது. மேகம் மேலிருந்து கீழாக இறங்கிக் கலைந்தது. நான் மலையைத் தேடி நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அங்கே இல்லை. தலையைத் தூக்கினேன். இன்னும் தூக்கினேன். கழுத்து வலிக்கும்வரை தூக்கிய பிறகுதான் உச்சி வந்தது. நாலாயிரம் அடி என்று நானே இருபத்திரண்டு பேருக்குத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தேன். அந்த எண்ணை எழுதிய கை என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. பாறையும் பனியும் அப்படியே சுவராக நின்றன. அவற்றின்மேல் முதல் வெளிச்சம் விழுந்தது. என்னால் அதை வேறெதனோடும் ஒப்பிட முடியவில்லை. ஒப்பிடுவது என் தொழில்.

சாப்பாட்டு அறைக்குள் ஓடி ஷெல்பியின் மேசையிலிருந்த தொலைநோக்கியைக் கேட்டு வாங்கினேன். பாதி உயரத்தில் ஒரு முகட்டின்மேல் இரண்டு சிவப்புப் புள்ளிகள். ஒன்று அசையாமல் நின்றது. மற்றது விளிம்புக்கு வந்தது. இறங்குவதற்கு முன் ஊன்றுகோலால் வலது காலணியை இரண்டு முறை தட்டியது. பிறகு ஒரு முறை.

உன் அப்பா அப்படித்தான் தட்டுவார். உலகத்தில் வேறு யாரும் அப்படித் தட்டி நான் பார்த்ததில்லை.

நீ கையை வீசியதைப் பார்த்தேன். வெள்ளையில் ஒரு கறுப்புக் கொப்பளம் எழுந்தது, சத்தமே இல்லாமல். நான் எண்ணத் தொடங்கினேன், பழக்கம் அப்படி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகுதான் சத்தம் என்னை வந்து அடைந்தது. நான்கு விநாடி என்றால் முக்கால் மைல். அவ்வளவு தூரத்தில் நீ என்ன செய்தாலும், எனக்குத் தெரியவரும்போது அது முடிந்து போயிருக்கும். அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே சரிவின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது, ரூலர் வைத்துக் கிழித்ததுபோல். கோட்டுக்குக் கீழே இருந்த அத்தனை பனியும் ஒரே தாளாக நகர்ந்தது. முதலில் மெதுவாக. நம் தெரு முழுவதையும் மூடிவிடும் அளவு பனி. அடியில் பழைய அடுக்கு பளபளத்தது. இழைகள் சரியாகப் பிணையாத தாள் எப்படிப் பிரியும் என்று எனக்குத் தெரியும். வருடக்கணக்கில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். நீ அதைத்தான் செய்கிறாய். உள்ளங்கை அகலத் தாளில் அல்ல, மலையில், அதன்மேலேயே நின்றுகொண்டு.

அப்புறம் நீ இறங்கினாய், தனியாக, அந்தச் சரிவின் வழியே. உன்னோடு இருந்தவர் இறங்கவில்லை. தொலைநோக்கியை அவர்மேல் திருப்பிப் பார்த்தேன். தலை உன் பக்கமே இருந்தது. நீ கீழே பாறைக்குப் பின்னால் போய் நின்று கையைத் தூக்கும்வரை அவர் ஓர் அங்குலமும் அசையவில்லை. பிறகு அவர் இறங்க, நீ பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருவர் இறங்கும்போது மற்றவர் கண்ணை எடுப்பதில்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே பார்த்தேன்.

மதியம் ரோப் காரில் மேலே போனேன். சறுக்க அல்ல, பார்க்க. எச்சரிக்கைப் பலகை தொங்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, பாறைப் பிளவு வழியாகக் கீழே பார்த்தேன். என் கால்கள் என்னைக் கேட்காமலே இரண்டடி பின்னால் வந்தன. அதே ரோப் காரில் திரும்பி இறங்கினேன். அப்படி இறங்கியவள் நான் ஒருத்திதான். ரோப் காரை இயக்கியவர் கதவைத் திறந்துவிட்டு, "நல்ல முடிவும்மா" என்றார். கிண்டலா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை.

உன் குடியிருப்பின் வாசல்வரை நடந்தேன். உன் பூட்ஸ் வெளியே காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டவில்லை. நீ தூங்கிக்கொண்டிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. பார்த்ததைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. பழைய வார்த்தைகள்தான் இருந்தன, அவை எதற்கும் உதவாது.

ஊர் திரும்பியதும் குளிர்பெட்டிக் கதவிலிருந்து உன் அட்டையை எடுத்துத் திருப்பிப் படித்தேன். "நீயும் வராத." அதே எழுத்துதான், அதே மைதான். கூச்சம் என்று டொலோரஸ் சொன்னது தவறு என்று தோன்றியது. நான் புரிந்துகொண்டதும் தவறு. அது எனக்காகப் பயந்து எழுதியது.

இனிச் சங்கத்தின் செய்தி. போன வெள்ளிக்கிழமை ஆலையிலிருந்து பார்சல் எடை போடும் மேடையை வேனில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். பின்னறை நடுவில் வைத்தேன். கிரே ஹாக்கில் நான் பார்த்ததைச் சொன்னேன். நன்றாகப் பேசவில்லை, இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். பிறகு சொன்னேன்: போகலாம். ஆனால் எல்லோரும் இதன்மேல் ஏறிய பிறகு. மூன்றாம் வகை யாரும் இல்லை. முதல் இரண்டு நாள் கீழ்ச் சரிவுகளில் பயிற்றுநரோடு. கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது.

யாரும் நகரவில்லை. வறுத்த மீன்கூட ஆறிவிட்டது. வெர்ன் மேடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா இது, எங்கள மாட்டுச் சந்தைக்கு வந்த மாதிரி நிறுத்திட்ட?" என்றார். நான், "முதல்ல நான் ஏறறேன்" என்று ஏறினேன். நூற்றைம்பத்தொன்று. பதினோரு வருடமாக நூற்று நாற்பத்துமூன்று என்று எழுதி வந்திருக்கிறேன். டொலோரஸ் உரக்கப் படித்தார். "அடிப்பாவி, நீயுமா!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கும் முன் வெர்ன் பூட்ஸைக் கழற்றினார். "பூட்ஸு மட்டும் ஏழு பவுண்டு இருக்கும், சொல்லிட்டேன்" என்று ஏறினார். இருநூற்றுப் பதினான்கு. முள்ளைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, "அந்தப் பொண்ணு என்னைய ஸ்லெட்ல இழுக்கற மாதிரி வச்சுக்கக் கூடாது. எழுதிக்க, வகை ஒண்ணு" என்றார். அதன் பிறகு எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

இருபத்தொரு படிவங்கள் தயார். இப்போது என் படிவம் என் முன்னால் இருக்கிறது. எடையைத் திருத்திவிட்டேன். வகை, ஒன்று. மிச்சம் அந்தக் கடைசிக் கட்டம்தான்: 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்.' அப்பா இருந்தவரை அவர் பெயர். போன பிறகும் அவர் பெயரையே எழுதிவந்தேன். எண் வேலை செய்யாது என்று தெரிந்துதான். யாரும் சரிபார்த்ததில்லை. எதையும் சோதிக்காமல் ஏற்காத நான், அந்த ஒன்றை மட்டும் ஆறு வருடமாக விட்டுவைத்திருக்கிறேன்.

இந்த முறை உன் பெயரை எழுத நினைக்கிறேன். உறவு: மகள். இருப்பிடம்: மலைமேல். ஆனால் கட்டத்துக்குக் கீழே சிறிய எழுத்தில், பெயரை எழுதும் முன் அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளவும் என்று அச்சிட்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்த வரியை இப்போதுதான் படித்தேன்.

நீ வேண்டாம் என்றால் பொறுப்பை டொலோரஸிடம் கொடுத்துவிட்டு இங்கேயே இருப்பேன். காரணம் கேட்கமாட்டேன். சரி என்றால், கீழ்ச் சரிவில் மெதுவாக இறங்கும், நீலக் கோட் போட்ட ஒருத்தியை நீ ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். படிவம் இருபதாம் தேதிக்குள் போக வேண்டும். பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.

இங்கே தினமும் காலையில் காபியோடு ஜன்னலருகே நிற்கிறேன். எதுவும் கேட்பதில்லை, ஆயிரம் மைல் தாண்டி எப்படிக் கேட்கும். ஆனாலும் நான்குவரை எண்ணிவிட்டுத்தான் கோப்பையை எடுக்கிறேன். உன் ஒவ்வொரு காலையும் சத்தத்தோடு தொடங்கட்டும், மகளே. ஒவ்வொரு முறையும் நீ கீழே போய்ச் சேர்ந்து கையைத் தூக்க வேண்டும்.

உன் சம்மதத்துக்குக் காத்திருக்கும்
அம்மா